இளவேந்தன் கருவாட்டுக் கரையை வென்ற வரலாறு

இலக்கியத்தால் ஒரு பிடி மண்ணைக்கூட நகர்த்த முடியாது என்று பேசித் திரிகிறவர்கள் ஒரு தடவை தூத்துக்குடிக்கு வந்து போக வேண்டும். ஒரே ஒரு நாவல், அதுவும் முழுதாக வாசிக்கப்படாமலே, ஒரு கடற்கரையை அடியோடு மாற்றிக் காட்டிய பெருமை உலகத்தில் வேறெந்த ஊருக்கும் கிடையாது.

நாவலின் பெயர் 'சங்குத்தீவின் இளவேந்தன்'. எழுதியவர் தேவதாசன். பகலில் ஒரு கப்பல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா, மாலையில் சிந்தனையாளர். காலம் நெருக்கடி நிலைக் காலம். ரயில்கள் நேரத்துக்கு வந்தன. ஜனங்கள் நேரத்துக்கு வாயை மூடிக்கொண்டார்கள். நாடு அவ்வளவு ஒழுங்காக இருந்தது.

ஊரை 'அழகுபடுத்த' மெட்ராஸிலிருந்து ஒரு தனி அதிகாரி வந்திருந்தார். மீசை சரியாக முளைக்காத வயது. அதிகாரம் நன்றாக முளைத்திருந்தது. பெண்கள் கருவாடு காயப்போடும் கரை வழியாக அவருடைய ஜீப் போகும்போதெல்லாம் கைக்குட்டை மூக்குக்கு ஏறிவிடும். கரையைக் காலி பண்ணப் போகிறார்கள் என்று ஒரு பேச்சும் கிளம்பியது. அந்தக் கரையில்தான் தேவதாசனின் மனைவி மரியசெல்வியின் தங்கை பிளாரன்ஸ் சாளையும் நெத்திலியும் பரப்பிப் பிழைத்துக்கொண்டிருந்தாள். கடலில் புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு அந்த மணல்தான் சொத்து.

ஒரு நாள் அவள் அத்தானிடம் வந்து சொன்னாள்: "கத கதயா எழுதுதியள அத்தான். அந்த மூக்கப் பொத்துற ஆளப் பத்தி ரெண்டு எழுத்து எழுதப்புடாதா? வாசிச்சா வெக்கப்பட்டு விட்டுட்டுப் போயிருவாம்லா?"

தேவதாசனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இதுவரை அவரை யாரும் எழுதச் சொன்னதில்லை. நிறுத்தச் சொன்னதுதான் உண்டு. ஆனால் நேராக எழுதினால் வேலை போகும், ஆளும் உள்ளே போவார். ஆகவே மாயக்கதையாக எழுதினார். சங்குத்தீவில் பதினாறு வயது இளவேந்தன் பட்டத்துக்கு வருகிறான். அவனுக்கு நாற்றம் ஆகாது. கரையில் வலையும் மீனும் பெண்களும் இருக்கக் கூடாது, பூந்தொட்டிகள் மட்டுமே இருக்கலாம் என்று ஆணையிடுகிறான். மீன்கள் கோபித்துக்கொண்டு அடுத்த தீவுக்குப் போய்விடுகின்றன. கடைசி அத்தியாயத்தில் இளவேந்தன் பூந்தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒரு துண்டு கருவாட்டுக்காக விரட்டப்பட்ட பெண்களின் காலில் விழுகிறான். கல்லும் வெட்கப்படும் அத்தியாயம் அது. எழுதி முடித்ததும் தேவதாசனே அழுதுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஓர் உப்புக் கிடங்கில் புத்தகத் திருவிழா ஏற்பாடாயிற்று. 'பேச்சைக் குறைப்போம், படிப்பைப் பெருக்குவோம்' என்று வாசலில் துணி கட்டி, உள்ளே பொழுதெல்லாம் பேசினார்கள். தலைமை விருந்தினர் தனி அதிகாரியேதான். ஆனால் விழாவில் வைக்கும் நூல் எதுவும் முதலில் 'ஆய்வுக் குழு'வைத் தாண்ட வேண்டும். குழுவின் தலைவர், உறுப்பினர், செயலாளர் எல்லாம் சிவனணைந்தபெருமாள் ஒருவர்தான். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடலடியில் சிப்பிகள் மண்டிக் கிடக்கும் பாறைத் திட்டுகளான 'பார்'களைப் பார்வையிட்டு, இது தேறும், இது தேறாது என்று மதிப்புப் போட்ட உத்தியோகஸ்தர், ஓய்வு பெற்றவர். சிப்பியை மதிக்கத் தெரிந்தவருக்குப் புத்தகம் எம்மாத்திரம் என்று ஊர் நம்பியது.

தேவதாசன் அவர் முன்னால் உட்கார்ந்தார். பெரியவர் புத்தகத்தை நடுவில் பிளந்தார், நாலைந்து பக்கம் பார்த்தார், மூடினார்.

"தேறும்" என்றார்.

"அண்ணாச்சி, மிச்சத்தப் பாக்கலியா?"

"ஒரு பாருல கோடிச் சிப்பி கெடக்கும். அம்புட்டையும் தொறந்து பாத்துட்டா ஏலம் போட்டோம்? நடுவுல ஒரு கூட அள்ளுவோம், தொறப்போம், மதிப்புப் போடுவோம். வெள்ளக்காரன் காலத்துலேருந்து இதாம்யா முற."

"கடைசி அத்தியாயத்த மட்டுமாவது..."

"ஓரத்துல கெடக்குற சிப்பியத் தொடவே கூடாதுய்யா! அது சீக்குச் சிப்பி. உள்ள மதிப்பையும் கெடுத்துரும். முதலும் கடைசியும் நான் பாக்குறதே இல்ல."

முகப்பில் 'மாதிரி பரிசோதிக்கப்பட்டது. முத்து உண்டு' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவர் கூடையில் விழுந்தவை இரண்டே இரண்டு: இளவேந்தனின் முடிசூட்டு விழாவும், கரையைச் சுத்தம் செய்யச் சொல்லும் ஆணையும். அந்தப் பக்கங்களுக்குத் தாள் சொருகித் தனி அதிகாரிக்கு ஒரு பிரதி அனுப்பி வைத்தார். ஜெயில் தப்பியதே என்று தேவதாசன் பெருமூச்சு விட்டார். அதிகாரி படித்தவராயிற்றே, முழுதும் வாசிக்காமலா இருப்பார் என்று தேற்றிக்கொண்டார். படித்தவர்களைப் பற்றி அவருக்கு இன்னும் நல்ல அபிப்பிராயம் இருந்தது.

விழா நாளில் 'சங்குத்தீவின் இளவேந்தன்' ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டு மெத்தையில் கிடத்தப்பட்டிருந்தது. சுற்றிலும் வலம்புரிச் சங்குகள். 'காட்சி நூலைத் திறக்காதீர்' என்று ஓர் அட்டை. ஊரே வரிசையில் வந்து கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டுப் போயிற்று. ஒரு நூலுக்கு இதைவிட மரியாதை செய்ய முடியாது, திறந்தால் குறைந்துவிடும்.

தனி அதிகாரி மைக்கைப் பிடித்தார். கண்ணில் நீர்.

"உண்மையைச் சொல்கிறேன். கடற்கரையை அழகுபடுத்தும் திட்டம் என் மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தது. பாவம், ஏழைப் பெண்கள் ஆயிற்றே என்று எனக்கே தயக்கம். கையெழுத்துப் போடக் கை வரவில்லை. அப்போதுதான் இந்த நூல் வந்தது. ஒரு சிறுவனுக்கு இருக்கிற துணிச்சல் எனக்கு இல்லையே என்று வெட்கப்பட்டேன்! இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன்."

கிடங்கு அதிரக் கைதட்டினார்கள். வெட்கப்பட வேண்டும் என்றுதான் எழுதியது; அவரும் பட்டுவிட்டார். மேடையில் இருந்த தேவதாசன் எழுந்து பக்கத்தில் போனார்.

"சார், தாங்கள் கடைசி அத்தியாயம்..."

"சொல்லாதீர்கள்!" அதிகாரி அவர் வாயைச் செல்லமாகப் பொத்தினார். "முடிவு தெரிந்தால் சுவாரஸ்யம் போய்விடும். ரிட்டயர் ஆனதும் நிம்மதியாக உட்கார்ந்து வாசிக்கப் போகிறேன்."

கூட்டத்தின் பின்னாலிருந்து பிளாரன்ஸ் எழுந்து நின்றாள். "அத்தான்! அது நக்கல்னு சொல்லுங்க அத்தான்! அவரப் பத்தித்தான் எழுதுனதுன்னு சொல்லுங்க!"

"என்ன சொல்கிறார் அந்த அம்மா?" என்றார் அதிகாரி.

எழுத்தாளனுக்கு நெஞ்சுரம் வேண்டும் என்பார்கள். தேவதாசனுக்கு அது நிறைய உண்டு; அன்றைக்கு வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். வாசலில் போலீஸ் நின்றது. தோளில் பொன்னாடை ஏறிக்கொண்டிருந்தது. உண்மை தொண்டை வரை வந்து, பொன்னாடையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"வாசகி சார்" என்றார். "பாராட்டுதாங்க."

அந்த வாரமே லாரிகள் வந்தன. பாய்களும் கூடைகளும் போய், குரோட்டன்ஸ் தொட்டிகள் வரிசையாக இறங்கின. உப்புக் காற்றில் அவை வாட வாடப் புதிய தொட்டிகள் வந்தன. முகப்பில் 'இளவேந்தன் பூங்கா' என்று பலகை. கீழே சின்ன எழுத்தில் 'கருத்து: தேவதாசன்'. பிளாரன்ஸ் ஒரு வார்த்தை திட்டவில்லை. மீன் கூடைகளைத் தூக்கிவந்து அத்தான் வீட்டு மொட்டைமாடியில் பரப்பினாள். தெருக் காக்கைகள் எல்லாம் அங்கே குடிவந்தன. தேவதாசன் தினமும் மாடிப்படியைப் பார்க்காமல் வேலைக்குப் போய், மாடிப்படியைப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப் வாசலில் வந்து நின்றது. அதிகாரி கைக்குட்டையோடு இறங்கினார்.

"கங்கிராஜுலேஷன்ஸ்! மேலிடத்தில் ஏக பாராட்டு. இரண்டாம் பாகம் எப்போது? இளவேந்தன் அடுத்து என்ன செய்வதாக உத்தேசம்? இப்போதே சொன்னால் வருகிற வருஷத் திட்டத்தில் சேர்த்துவிடலாம்."

"யோசிச்சுச் சொல்லுதேன் சார்" என்றார் தேவதாசன்.

அதிகாரி மாடியை அண்ணாந்து பார்த்தார், மூக்கைச் சுளித்தார், ஏதோ யோசனையோடு ஜீப்பில் ஏறினார். புழுதி அடங்கியதும் மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே பிளாரன்ஸின் தலை தெரிந்தது. கையில் நெத்திலி. குரலில் கோபமே இல்லை.

"எழுதுறதுக்கு முந்தி ஒரு வார்த்த சொல்லிருங்க அத்தான். இந்த மாடியையும் காலி பண்ணிட்டுப் போயிருதேன்."