பெஞ்சில் ஒருத்தி

'இந்தச் சிரிப்பை என்னைப் பார்த்துச் சிரிச்சு எத்தனை மாசமாச்சு?'

கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டிருந்த கணவரை, சாப்பாட்டு மேஜையின் மறுகோடியிலிருந்து தன் லேப்டாப்புக்கு மேலாகப் பார்த்தாள் அவள்.

தினம் மாலை ஏழு மணி ஆனால் அவர் இணையத்தில் இருக்கும் அந்தக் கற்பனை ஊருக்குப் போய்விடுவார். அங்கே ஆளுக்கொரு பொம்மை. நமக்குப் பதில் அதுதான் நடக்கும், பறக்கும், பேசும். அந்த ஊரைத் திரையில் காட்டும் வியூவர் என்ற மென்பொருளை எழுதுவதுதான் அவள் உத்தியோகம். புருஷன் வெளியேறும் வாசலுக்குப் பெண்டாட்டியே கதவு செய்து கொடுத்த கதை.

"ஒரே பட்டன் காடா இருக்கு, எளிமையாக்குங்க" என்று ஆபீஸில் மேனேஜர் சொல்லியிருந்தார். வியூவரைத் துண்டு துண்டாகப் பிரித்து, வேண்டியதை மாட்டி வேண்டாததைக் கழற்றும்படி எழுதினாள். முதல் பரிசோதனைக்கு வீட்டுக் கம்ப்யூட்டரே அகப்பட்டது.

பறப்பது, விளையாட்டு, கடைவீதி, உடைகள், தலைக்கு மேல் மிதக்கும் பெயர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஊர் போரடித்தால் மனிதர் எழுந்து வந்துதானே ஆக வேண்டும்?

"ஏங்க, புதுசு எப்படி இருக்கு?"

"பிரமாதம்! முன்னே ஆயிரம் இடைஞ்சல். இப்ப நேரா பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துடறேன்."

எட்டிப் பார்த்தாள். குளக்கரையில் ஒரு பெஞ்சு. அதில் அவருடைய பொம்மை. ஒட்டினாற்போல் இன்னொன்று. உடைகள் போனதில் இரண்டுமே வெறும் சாம்பல் நிறம். ஆனால் மற்றது பெண் என்பது தெரிந்தது.

'இன்னிக்கும் வேலை ஜாஸ்தியா?' என்று அவர் தட்டியிருந்தார். பதிலைக் காணோம். பதில்கூடத் தேவைப்படாத நெருக்கம்!

"யாரது?"

"ஏன், உனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார்.

பெயரைத் திரும்ப மாட்ட ஒரு நிமிடம் போதும். ஆனால் மாட்டவில்லை. தெரியாத வரை அவள் யாரோ ஒருத்தி. தெரிந்துவிட்டால் வீட்டுக்குள் வந்துவிடுவாள்.

அதற்குப் பதிலாகப் பேச்சைக் கழற்றினாள். நிலைமை முற்றியது. இருவரும் இப்போது பேசாமலே உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில், ஒன்றும் பேசாமல் அரைமணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார இவளுக்கு வாய்த்ததில்லை. ஆத்திரத்தில் நடையையும் கழற்றினாள். உள்ளே நுழைந்ததுமே அவர் பெஞ்சில் வந்து விழுந்தார்.

"நடக்கிற நேரமும் மிச்சம். உன் மூளையே மூளை!"

"ம்" என்றாள், லேப்டாப்பிலிருந்து தலை நிமிராமல். அவர் ஒரு கணம் அவளருகே நின்றார். பக்கத்து நாற்காலியில் ஒயரும் ஃபைலுமாகக் குவிந்திருந்தது. திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் ஆபீஸில், பரிசோதனைப் பிரிவு அக்காவிடம் போய் நின்றாள்.

"ஒரு கஸ்டமர் புகார்க்கா. குளக்கரை பெஞ்சுல இருக்கிறவ யாருன்னு பார்த்துச் சொல்லுங்களேன்."

"கஸ்டமரா? முகத்தைப் பார்த்தா வீட்டுப் புகார் மாதிரியில்ல இருக்கு!" என்றபடி அக்கா பட்டியலைத் தேடினாள். சட்டென்று நிமிர்ந்தாள். பிறகு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

"சொல்லுங்கக்கா, எவ அவ?"

"நீதான்டி! உட்கார்ற பட்டன் வேலை செய்யுதான்னு பார்க்க, ரெண்டு வருஷம் முன்னாடி உன் பொம்மையை உட்கார வச்சே. எழுப்ப மறந்துட்டே. தலைக்கு மேல உன் பேர்தான் மிதந்துட்டிருந்துச்சு. நீதானே அதையும் கழட்டினே?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆளில்லாத பொம்மையெல்லாம் அழிக்கச் சொல்லியிருக்கார் மேனேஜர்" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதையும் அழிச்சிடவா?"

"வேணாங்க்கா" என்றாள் மெதுவாக. "அவர் வந்து தேடுவார்."