ஒற்றை நட்சத்திரக்காரர்

மனித இனத்தில் நட்சத்திரம் போடுபவர் என்று ஒரு வகை உண்டு. பசித்தால் நாமெல்லாம் தட்டைத் தேடுவோம். இவர் கைப்பேசியைத் தேடுவார். அதில் ஐந்து உணவுச் செயலிகள். பகல் பன்னிரண்டு மணிக்கு முதல் செயலியைத் திறந்து, ஐந்தாவது வரை போய், மறுபடி முதலுக்கே திரும்பி, முந்நூறு பேர் எழுதிய அபிப்பிராயங்களைப் படித்து, அதில் இருநூறு பேருக்கு நாக்கே செத்துவிட்டது என்று தீர்ப்பும் சொல்லி, ஒரு கிண்ணம் சூப் ஆர்டர் போட்டு முடிக்கும்போது மணி ஒன்றேகால். சாப்பிடுவதற்கு ஆகும் நேரம் ஆறு நிமிடம்.

நமக்குத் தெரிந்த நட்சத்திரக்காரர் மூன்றாம் மாடியில் இருக்கிறார். அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு அம்மாள் தன் வீட்டு அடுப்பிலேயே சமைத்துச் செயலி வழியாக விற்கிறார். இதுவரை நாற்பது பேர் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். சராசரி சரியாக நான்கு. நான்குக்குக் கீழே இறங்கினால் செயலி அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். வீட்டில் அவர் ஒருத்தர் சம்பாத்தியம்தான்.

அன்று நட்சத்திரக்காரர் கேட்ட சூப்பை அந்த அம்மாளே மாடியேறிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். கிண்ணத்தைத் தொட்ட மனைவி விரலை உதறிக்கொண்டார். நட்சத்திரக்காரர் கரண்டி போட விடவில்லை. மேசைமேல் ஒரு படம், ஜன்னலோரம் ஒரு படம், நாற்காலிமேல் ஏறி நின்று உச்சியிலிருந்து ஒரு படம், கரண்டியை இடமிருந்து வலத்துக்கு மாற்றி வைத்து இன்னும் நாலு படம்.

"ஏங்க, ஆறிடப் போகுது."

"இரு, வெளிச்சம் சரியா விழல."

"வயித்துக்குள்ள மட்டும் லைட்டா போட்டு வெச்சிருக்கு?"

இருபத்திரண்டு நிமிடம், முப்பத்தொரு படம். அதன்பிறகு ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. ‘சூப் ஆறிப்போய் இருந்தது. பெருத்த ஏமாற்றம்’ என்று எழுதி, முதலில் எடுத்த படத்தையும் சேர்த்து, ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார். சராசரி மூன்று புள்ளி ஒன்பதுக்கு இறங்கியது.

கால்மணி நேரத்தில் அந்த அம்மாள் ஈரக்கையோடு வாசலில் நின்றார்.

"சார், கொதிக்கக் கொதிக்கத்தானே குடுத்தேன்? இதைக் கொஞ்சம் மாத்திடுங்க. சாயங்காலத்துக்குள்ள ஏறலைன்னா என் பேரை எடுத்துடுவாங்க."

"உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லம்மா. நான் உள்ளதை உள்ளபடி எழுதுறவன்."

"அப்போ நீங்க போட்ட படத்தை நீங்களே பாருங்க. ஆவி பறக்குது."

பார்த்தார். பறந்தது. கிண்ணத்தின் விளிம்பே தெரியாத அளவுக்குப் பறந்தது. மனைவியும் எட்டிப் பார்த்து, "அவங்க சொல்றது சரிதானே? மாத்துங்க" என்றார்.

இப்படி மாட்டிக்கொண்டால் நாம் என்ன செய்வோம்? அசடு வழிவோம். இந்த வகைக்கு அது வராது. அந்த அம்மாளை நிற்க வைத்தபடியே நெற்றியைச் சுருக்கி யோசித்து, யோசித்து, கடைசியில் திருத்தி எழுதினார்: ‘சூடு பற்றிய புகாரைத் திரும்பப் பெறுகிறேன். அளவுக்கு மீறிய ஆவியால் படம் மங்கலாகிவிட்டது.’

நட்சத்திரம் ஒன்றுதான்.

மாலையில் பட்டியலில் அந்த அம்மாளின் பெயர் இல்லை.

மறுநாள் பகல் நட்சத்திரக்காரர் ஐந்து செயலிகளையும் துழாவினார். "கீழ்வீட்டு சூப்பைக் காணோமே. ருசி நல்லாத்தான் இருந்துச்சு" என்று அலுத்துக்கொண்டார். நல்ல சமையலைத் தக்கவைத்துக்கொள்ளத் துப்பில்லாத செயலி என்று எழுதி, அதற்கும் ஒன்று போட்டார். மனைவி ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

இப்படியும் ஒரு மனிதரா என்று தலையில் அடித்துக்கொள்கிறீர்களா? தாராளமாக. ஆனால் கடைசியாக நீங்கள் ஒற்றை நட்சத்திரம் போட்டது யாருக்கு? எதற்காக? ஞாபகம் வரவில்லையா? பரவாயில்லை. வாங்கியவருக்கு உங்கள் பெயர் நன்றாக ஞாபகம் இருக்கும்.