தனி நாக்கு வைத்த கட்டில்

திருச்சி, மலைக்கோட்டை
ஞாயிறு காலை

மரியாதைக்குரிய சம்மந்தி ஜனாப் ஷேக் தாவூது அவர்களின் சமூகத்திற்கு, காஜா மைதீன் ஸலாத்துடன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் ஆபிதாவும் நலம். துவரங்குறிச்சியில் தாங்களும் சம்மந்தியம்மாவும், ஏழு மாதக் கர்ப்பிணியான எங்கள் மகள் சம்ரீனும், குவைத்தில் மருமகன் உஸாமாவும் நலமாயிருக்க அல்லாஹ் அருள் புரிவானாக. தாங்கள் இரண்டு மாதமாகப் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் விழுவதில்லை. ஆகவே தபாலில் வருகிறேன்.

விஷயம் பக்ரீத் அன்று நடந்ததுதான். விருந்துக்கு வந்த தாங்கள் எங்கள் அறைக் கட்டிலில் அமர்ந்தீர்கள். அமர்ந்தீர்கள் என்று எழுதினாலும், முழுதாக அமர்வதற்குள் கட்டில் போய்விட்டது. அது கடைக் கட்டில். மரத்தூளை அமுக்கிப் பலகையென்று பெயர் வைத்து, நாலு ஸ்க்ரூவில் நிறுத்தியது. குற்றம் முழுக்க ஸ்க்ரூவுடையது. ஆனால் தாங்கள் தரையில் இருந்தபோது நான் ஓடி வந்து, "தரைக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டேனே, அதைக் கேட்டிருக்கக் கூடாது. டைல்ஸ் பதித்துப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது, அந்தப் பதற்றம். தாங்கள் பிரியாணியைத் தொடாமல் கிளம்பிவிட்டீர்கள். அன்றிலிருந்து சம்ரீனும் இந்தப் பக்கம் வரவில்லை. பிரசவத்துக்குத் தாய் வீடு வரவேண்டிய பிள்ளை. குழந்தைக்கென்று துவைத்து மடித்து வைத்த பழைய புடவைத் துணிகளை ஆபிதா வாரம் ஒருமுறை எடுத்து மறுபடியும் துவைக்கிறாள். "மாமாவுக்கு இன்னும் கோவமாம்மா?" என்று சம்ரீனைப் போனில் கேட்டால், "உங்க பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போயிடறாரு அத்தா" என்கிறாள்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். என் கையாலேயே ஒரு கட்டில் செய்வது, தாங்கள் வந்து அதில் உட்காருவது. இதென்ன துணிச்சல் என்று நினைக்க வேண்டாம். ஷார்ஜாவில் கதவு செய்யும் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் இருந்தவன் நான். ஸ்டோர் கீப்பர்தான், ஆனா அத்தனை கதவும் என் கண் முன்னாடிதான் வெளியே போச்சு. முறை என்னன்னா, சாதாரணமா ஆசாரிங்க ஒரு கட்டையோட முனையையே நாக்கு மாதிரி செதுக்கி, இன்னொரு கட்டையில பள்ளம் வெட்டிச் செருகுவாங்க. அதுக்குக் கை நல்லாப் பழகியிருக்கணும். நான் செஞ்ச முறையில ரெண்டு கட்டையிலயும் பள்ளம் மட்டும்தான். நாக்கைத் தனியா ஒரு தேக்குத் துண்டுல சீவி, பசை தடவி, பாதியைக் காலுக்குள்ளயும் பாதியைச் சட்டத்துக்குள்ளயும் இறக்கிடறது. வெளியே பார்த்தா ஒண்ணும் தெரியாது, உள்ளே பிடிச்சா விடாது. எல்லாம் போன்ல வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டேன். ஆபிதாகிட்ட இதை விளக்கினேன். "நாக்கு தனியா இருக்கறது அவ்வளவு நல்லதுன்னா, உங்களுதையும் கழட்டி வெச்சுட்டு சம்மந்தி வீட்டுக்குப் போய்ட்டு வாங்க"ன்னா.

இடிச்ச வீட்டுத் தேக்கு உத்தரம் பழைய மரக்கடையில கிடைச்சுது. திருவெறும்பூர்லேர்ந்து என் சிநேகிதர் பெரியண்ணன், வெல்டரா இருந்து ரிட்டயர் ஆனவர், டிரில்லிங் மெஷினோட வந்தார். வந்ததுலேர்ந்து ஒரே பாட்டு: "பாய், எதுக்கு இந்த நாக்கு மூக்கெல்லாம்? மூலைக்கு ஒரு ஆங்கிள் வெச்சு வெல்டு அடிச்சு விடறேன், யானையே படுக்கலாம்." யானைன்னு அவர் சொன்னது பொதுவாத்தான் சம்மந்தி, உங்களை அவர் பார்த்ததே இல்லை. "மரத்துல எப்படிங்க வெல்டு பிடிக்கும்?"னு கேட்டேன், அப்புறம்தான் டிரில்லிங் மெஷினைக் கையில எடுத்தார். மொதல் கால் மூணு அங்குலக் கட்டை. ஒரு பக்கத்துலேர்ந்து ரெண்டு அங்குல ஆழம், பக்கத்து முகத்துலேர்ந்து ரெண்டு அங்குலம் வெட்டினா, ரெண்டு பள்ளமும் உள்ளே சந்திச்சு ஸலாம் சொல்லிக்குது. இந்தப் பள்ளத்துல விரலை விட்டா அந்தப் பள்ளத்துல எட்டிப் பார்க்குது. வீடியோக்காரன் இதைச் சொல்லவே இல்லை. சரின்னு நாலு கால்களையும் நாலு அங்குலக் கட்டையா மாத்தி, ஆழத்தையும் குறைச்சேன். அடுத்து ஒரு காலுல உள்பக்கம் வெட்ட வேண்டியதை வெளிப்பக்கம் வெட்டிட்டேன். அதைத் துண்டு வெச்சு அடைச்சாச்சு, தேடினாத்தான் தெரியும். தேடாதீங்க.

பசை தடவினா ஏழு நிமிஷத்துல எல்லாத்தையும் இறக்கிடணும். மூட்டுக்கு ரெண்டா மொத்தம் பதினாறு நாக்கு. பெரியண்ணன் மரச்சுத்தியால தட்ட, நான் முட்டி போட்டு அழுத்த, கடைசி நாக்கும் கச்சிதமா இறங்குச்சு. எந்திரிக்கலாம்னு பார்த்தா முடியலை. என் கைலி ஓரமும் கூடவே இறங்கியிருக்கு. "அசையாதீங்க பாய், மூட்டு விட்டுரும்"னு பெரியண்ணன் கத்தறார். கட்டிலோட கட்டிலா உட்கார்ந்திருந்தேன். ஆபிதா டீயைக் கொண்டாந்து கையில கொடுத்துட்டு, அவசரமே இல்லாம கத்தரிக்கோல் தேடப் போனா. இடது பின்கால்கிட்ட நீலக் கட்டம் போட்ட துணி கொஞ்சம் தெரியும். டிசைன்னு வெச்சுக்குங்க.

கடைசியா டெஸ்ட். உங்க எடை எனக்குத் தெரியாது, கேக்கறதும் மரியாதை இல்லை. சம்ரீன்கிட்ட பொதுவா, "மாமாவுக்குச் சட்டை என்ன சைஸ்மா?"ன்னு கேட்டேன். "ஏன் அத்தா, எடுத்துக் குடுக்கப் போறீங்களா?"ன்னா. ஆமான்னுட்டேன். அவ சொன்ன சைஸை வெச்சு ஒரு உத்தேசத்துக்கு இருபத்தஞ்சு கிலோ அரிசி மூட்டை அஞ்சு அடுக்கி, அதுக்கு மேல நானும் பெரியண்ணனும் ஏறி உட்கார்ந்து மூணு தடவை குதிச்சோம். கீச்சுன்னு ஒரு சத்தம்? ம்ஹூம். இத்தனைக்கும் நீங்க அதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் இருப்பீங்க.

ஆகவே தாங்கள் குடும்பத்துடன் வந்து, எந்தத் தயக்கமுமின்றி, முழு எடையுடன், மன்னிக்கவும், முழு மனதுடன் அமர்ந்து, பிரியாணி சாப்பிட்டு, எங்கள் பிள்ளையை எங்களிடம் விட்டுச் செல்ல வேண்டுகிறேன். தங்கள் ஆயுளும் ஆரோக்கியமும் பெருக எங்கள் இருவரின் துஆ என்றும் உண்டு.

தங்கள் மன்னிப்பை எதிர்நோக்கும்,
காஜா மைதீன்

பின்குறிப்பு: கவரை ஒட்டறதுக்குள்ள வாசல்ல ஒரு வேன். முன் சீட்டுலேர்ந்து நீங்க இறங்கறீங்க. வேனுக்குள்ள அட்டை சுத்தின புதுக் கட்டில். பின்னாடி கார்லேர்ந்து சம்மந்தியம்மா சம்ரீனைக் கைப்பிடிச்சு இறக்கறாங்க. "உங்க கட்டிலை ஒடச்சுட்டு எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் போனை எடுக்கறது சம்மந்தி? ஒண்ணு வாங்கி இறக்கிட்டுத்தான் பேசணும்னு இருந்தேன்"னு நீங்க என் கையைப் பிடிச்சீங்க. "அன்னிக்கு நான் தரையைப் பத்திக் கேட்டது..."ன்னு ஆரம்பிச்சேன். "எந்தத் தரை?"ன்னீங்க. உங்க காதுல அது விழவே இல்லை! ஆபிதா என் காலை மிதிச்சா. அப்புறம் நான் செஞ்ச கட்டில்ல சும்மா உட்கார்ந்து பார்க்கறேன்னு உட்கார்ந்தீங்க, சாய்ஞ்சீங்க, தூங்கிட்டீங்க. புதுக் கட்டிலை இறக்க ஆள் வரலைன்னு வேன்காரர் ஹாரன் அடிக்கறார். "மாமா தூங்கறாருங்க, அடிக்காதீங்க"ன்னு சம்ரீன் ஜன்னல்லேர்ந்து கெஞ்சறா. இந்தக் கடிதம் இனி உங்க கண்ணுல படவே கூடாது. இதைச் சுக்குநூறாக் கிழிச்சுடறேன். எந்திரிச்சு "என்ன எழுதறீங்க?"ன்னு கேட்டா, கரண்ட் ஆபீசுக்கு மனுன்னு சொல்லிக்கறேன். இதோ, இந்தப் பக்கம் புரண்டு படுக்கறீங்க. மாஷா அல்லாஹ், கட்டில்லேர்ந்து குறட்டைச் சத்தம் மட்டும்தான் கேக்குது.