தொட்டால் அடிக்கும் பிரிட்ஜ்

"டப்" என்று ஒரு சத்தம். பிரிட்ஜின் இரும்புக் கைப்பிடியிலிருந்து கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்ட சிரில், வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையை அப்படியே விழுங்கினார். கத்தவும் முடியாத நிலைமை. பேரப்பிள்ளைகளுக்காக வாங்கி வைத்த டுரியான் ஐஸ்கிரீம் பிரிட்ஜுக்குள் இருக்கிறது, மனைவி அகத்தா அறையில் படுத்திருக்கிறாள், சிரிலுக்கோ சுகர்.

லேசுப்பட்ட சுகரும் இல்லை. "அடுத்த டெஸ்ட்டுலயும் இறங்கலன்னா தினமும் ஊசிதான் அங்கிள்" என்று கிளினிக்கில் ஊசி போடும் நர்ஸ் மிஸ்ஸி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். செமிலிங் தோட்டத்து லோரியைக் காலமெல்லாம் ஓட்டியவர், காட்டுப்பன்றி குறுக்கே வந்தாலும் கலங்காதவர், ஊசி என்றால் மட்டும் வேர்த்துப்போவார். ஆனாலும் இந்தப் பாழாய்ப்போன நாக்கு கேட்க வேண்டுமே.

"என்னங்க சத்தம்?" அகத்தா வந்து நின்றாள்.

"தண்ணி குடிக்க வந்தேன். பிரிட்ஜ் ஷாக் அடிக்குது."

"கரண்டோட விளையாடாதீங்க. காளிதாசனைக் கூப்பிடுறேன்."

காளிதாசன் அவர்கள் குடியிருக்கும் அதே தாமானில் வயரிங் வேலை பார்ப்பவன். அவர்கள் ஹாலுக்கு ஏர்கான் மாட்டியவனும் அவன்தான். வந்தவன் டெஸ்ட் பென்னைக் கைப்பிடியில் வைத்தான். அதன் விளக்கு எரியவில்லை.

"ஓடுற கரண்ட் இல்லண்ணே. அதுன்னா வயர் வழியா விடாம வரும், இதுவும் எரியும். இது ஸ்டேட்டிக். ஒண்ணோட ஒண்ணு உரசுனா உண்டாகி, போக வழியில்லாம அப்படியே தேங்கி நிக்கும். ஸ்கூல்ல சீப்பைத் தலையில தேச்சுக் காகிதம் தூக்கலயா?"

"தூக்கினேன். அதுக்கும் ஐஸ்... தண்ணிக்கும் என்னடா சம்பந்தம்?"

"நீங்க புது சோபாவுல உரசி எழுந்திரிக்கிறீங்க. உங்க உடம்புல தேங்குது. இரும்பைத் தொட்டதும் டப்புன்னு பாயுது."

தன் உடம்பிலேயே கரண்ட் ஊறுகிறது என்றதும் சிரிலுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "இதுக்கு என்ன செய்றது?"

"தரையில கால் படாம பாத்துக்குங்க. அக்கா, நைலான் கார்ப்பெட் ஒண்ணு விரிங்க."

மறுநாளே அகத்தா சுங்கைப் பட்டாணிக்குப் போய் கார்ப்பெட் வாங்கி வந்து, சோபாவிலிருந்து பிரிட்ஜ் வரைக்கும் விரித்தாள். இப்படி ஒரு பெண்டாட்டி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று சிரில் உருகிப்போனார். அவள் கோயிலுக்குக் கிளம்பியதும் கார்ப்பெட்டில் சரசரவென்று கால் தேய்த்து நடந்து போய்க் கைப்பிடியைத் தொட்டார். முந்தின நாளைவிடப் பலமாக அடித்தது.

"வெறுங்காலோட போனீங்களா?" காளிதாசன் தலையில் கை வைத்துக்கொண்டான். "சாக்ஸ் போடுங்கண்ணே. நைலான் சாக்ஸ்."

போட்டார். அடி தோள்பட்டை வரைக்கும் ஏறியது.

"காத்துல ஈரம் இருக்குதுலா. ஈரமும் கரண்டும் ஆகாது. மத்தியானம் பூரா ஏர்கானை ஓடவிட்டு ஹாலைக் காயவைங்க."

காயவைத்தார். இந்த முறை விரலிலிருந்து நீலமாக ஒரு பொறியே பறந்தது. சிரில் கார்ப்பெட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு பிரிட்ஜ் இருக்கும் பக்கமே அவர் தலைவைத்துப் படுக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அகத்தாதான் எடுத்துக் கொடுத்தாள். அவளை மட்டும் அது ஒருநாளும் அடிக்கவில்லை. உரசாமல் நடக்கிற உத்தமி என்று நினைத்துக்கொண்டார்.

டெஸ்ட் நாளும் வந்தது. மிஸ்ஸி ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சுகர் நல்லா இறங்கியிருக்கு அங்கிள். ஊசி வேணாம்."

சிரிலுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே பெஞ்சியில் காத்திருந்த அகத்தாவிடம் வந்து, "எல்லாம் என்னோட வாய்க்கட்டுதான்" என்றார். அவள் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சிரிலின் அண்ணன் சுகரில்தான் காலை இழந்தார். அன்று முதல் அவள் பயந்த பயம் அவளுக்குத்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு ரமணி தன் புருஷனை டாக்டர் அறைக்குள் அனுப்பிவிட்டு அவசர அவசரமாக வந்தாள்.

"அகத்தாக்கா, எங்க வீட்டுக்காரருக்கும் சுகர் ஏறிக்கிட்டே போகுது. அந்தக் காளிதாசனை அனுப்பிவிடுங்களேன், எங்க பிரிட்ஜுக்கும் அதே மாதிரி ஷாக் வச்சுக் கொடுக்கட்டும்."