துரை வீட்டு மரத்துக்கு ஏழாவது படி

பவானிபூர், கல்கத்தா.
1909 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழே கால் மணி. நேற்று ஏற்றிய மெழுகுவத்திகள் அறுபது. குளத்திலிருந்து என் கையால் எடுத்தவை நாற்பத்தொன்று. மற்றவற்றின் கதி கீழே.

மகாராஜராஜஸ்ரீ மாமா சிவராமகிருஷ்ணையர் அவர்களுக்கு மாப்பிள்ளை வெங்கடசுப்ரமணியன் செய்யும் நமஸ்காரம். இடது புருவத்தில் பாதி கருகியது தவிர நான் சௌக்கியம். தாங்களும் மாமியாரும் மீனாக்ஷியும் சௌக்கியம் என்று நம்புகிறேன். மன்னார்குடியில் மழை எப்படி, நெல் எப்படி என்று விசாரிப்பது வழக்கம். விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும், அவசரமாக இருக்கிறது.

அவசரத்துக்குக் காரணம், தங்கள் சித்தப்பா பெண் ஜகதாம்பாள் மாமி நேற்றே தங்களுக்கு ஒரு கடுதாசி போட்டுவிட்டார் என்பது. நான் இந்த வீட்டு மாடி அறையில் குடியிருக்கிறேன், மாமியின் சமையலில் சாப்பிடுகிறேன், மாமி மாதம் இரண்டு முறை என்னைப் பற்றித் தங்களுக்கு எழுதுகிறார் என்பதெல்லாம் தெரிந்த விஷயம். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நேற்றுச் சம்பவ இடத்தில் மாமி இல்லை. அவர் எழுதியிருப்பது எல்லாம் கூலிகள் சொன்னதை மாமியின் அகத்துக்காரர் மஹாதேவ மாமா கேட்டு, மாமா சொன்னதை மாமி கேட்டது. தாங்கள் கோர்ட்டில் சிரஸ்தார். கேட்டவர் சாட்சி எவ்வளவு தூரம் செல்லும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விஷயம் இது. கிடர்பூரில் எங்கள் கம்பெனிப் பட்டறையில் நான் இன்னும் தாற்காலிகம்தான். வேலை நிரந்தரமானால்தான் பெண்ணை அனுப்புவேன் என்று தாங்கள் சொல்லி ஒரு வருஷமாகிறது. போன மாதம் பென்ரோஸ் துரையிடம் நேராகவே கேட்டேன். "கிறிஸ்துமஸ் கழியட்டும், பேசலாம். அதற்குள் எனக்கு ஒரு மேஜை செய்து கொடு" என்றார். நான் படித்தது பாலமும் பளுதூக்கியும். மேஜை தச்சன் வேலை என்று சொல்லிவிட்டேன். அவர், "சாதாரண மேஜை இல்லை. மேலே ஒரு மரம் நிற்க வேண்டும், சுற்றிலும் குழந்தைகளுக்கான சாமான்களைப் பார்வையாக வைக்க வேண்டும். என் மனைவிக்குத் தெரியக் கூடாது, பட்டறையில் செய்யாதே" என்றார். வேலை நிரந்தரமாவது இந்த மேஜையில்தான் இருக்கிறது என்பது அந்த நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது.

மரம் என்றால் என்ன மரம், வீட்டுக்குள் எதற்கு மரம் என்று எனக்குப் புரியவில்லை. புரியாமல் ஒன்றைத் தாங்க எதையும் செய்ய முடியாது. ஆகவே விசாரித்தேன். மரம் டார்ஜிலிங்கிலிருந்து ரயிலில் சாக்குச் சுற்றி வருகிறது. வேர் கிடையாது, வெட்டியது. அதற்கு வெள்ளிக் காகிதம், கண்ணாடிக் குண்டு, பஞ்சு எல்லாம் சாத்துகிறார்கள். பஞ்சு பனிக்காம். காய்கிற மரத்தில் பஞ்சைச் சுற்றி அதன்மேல் மெழுகுவத்தி ஏற்றுவது எந்தச் சாஸ்திரத்தில் சேர்ந்தது என்று கேட்டேன். "கிறிஸ்துமஸ் என்றால் அப்படித்தான்" என்றார் துரை. இது பதிலா? பதில் வராததால் ஆபீஸில் பக்கத்து ஸ்டூல் ஹரிபத பாபுவைக் கேட்டேன். அவருக்கு எல்லாம் தெரியும், தெரியாததும் தெரியும். "இதுகூடவா தெரியாது? ஓடா ஸாஹேப்தேர் துர்கா பூஜோ, மஷாய்!" என்றார். அதாவது துரைமார்களின் துர்கா பூஜை. அப்படியானால் கடைசி நாளில் கங்கையில் கரைப்பார்களா என்றேன். "கரைக்காமல்? வீட்டிலேயே வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?" என்றார். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. அலங்கரித்து, விளக்கேற்றி, பிரசாதம் கொடுத்து, சில நாளில் எடுத்துவிடுகிற எதையும் நம் பக்கத்திலும் சரி, இந்த ஊரிலும் சரி, தண்ணீரில்தான் விடுகிறோம். ஆகவே மேஜையின் அடியில் இரண்டு பக்கமும் இரும்பு வளையம் வைத்தேன். மூங்கில் நுழைத்து நான்கு பேர் தோளில் எடுக்கலாம்.

மேஜையின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வட்டமான படிகள், மேலே போகப் போகச் சிறுத்து, உச்சியில் தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்குள் மரம். மொத்தமும் மெல்லச் சுற்ற வேண்டும். நாலு பக்கமும் நிற்கிற குழந்தைகள் நகராமல் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்பது என் எண்ணம், துரை சொன்னதல்ல. சுற்றுவதற்கு உள்ளே ஒரு இரும்புக் குண்டு, சங்கிலியில் தொங்கி மெல்ல இறங்கும், கோபுரக் கடியாரம் மாதிரி. தடுத்து நிறுத்த ஏற்பாடு எதுவும் வைக்கவில்லை. குண்டு தரையைத் தொட்டால் தானே நிற்கும் என்று கணக்கு.

இதை இந்த வீட்டு முற்றத்தில்தான் மிஸ்திரியை வைத்துச் செய்தேன். ஆறு படி முடிந்த அன்று மாமி கரண்டியோடு வெளியே வந்து சுற்றிப் பார்த்தார்.

"கொலுப்படி மாதிரின்னா இருக்கு! ஏன் மாப்பிள்ளே, ஆறா?"

"ஆறு."

"ஆறு படியிலே யாராவது பொம்மை வைப்பாளோ? ஒத்தைப்படைன்னா வைக்கணும்!"

"இது அவர்கள் பண்டிகை, மாமி."

"யார் பண்டிகையா இருந்தா என்ன, பண்றது நம்மாத்து மாப்பிள்ளை. ரெட்டைப்படையிலே பண்ணிக் கொடுத்து வேலை போச்சுன்னா மன்னார்குடிக்கு நான் என்னன்னு எழுதறது?"

ஒற்றைப்படைக்குக் காரணம் என்ன என்று கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். "எங்கம்மா அப்படித்தான் வைப்பா" என்றார். துரையின் பதிலும் இதுவேதான் என்பதைக் கவனித்தேன். மஹாதேவ மாமா, "பேசாம ஒண்ணு கூட்டிடுங்கோ, ராத்திரி ரசம் வேணுமோன்னோ" என்றார். ஒரு படி கூட்டினேன். பளுவைப் பொறுத்தவரை அதில் தப்பே இல்லை. துரை வீட்டுக் கூடத்தில் உயரம் அளந்தது ஆறு படி இருந்தபோது. அளந்தவன் அளந்தது சரியாகத்தான் அளந்தான்.

நேற்றுக் காலை நான்கு கூலிகள் மூங்கிலில் தூக்கி ஆலிப்பூர் பங்களாவுக்குக் கொண்டுவந்தார்கள். துரைசானிக்கு ஒரே சந்தோஷம். சாமான்களை அவளே படிகளில் அடுக்கினாள்: தகர ரயில், துணிப் பொம்மை, ஊதுகுழல், சோல்ஜர்கள். இரண்டு விஷயங்கள் மட்டும் கேட்டாள். கீழ்ப்படியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பொட்டு எதற்கு? மாமி எனக்குத் தெரியாமல் வைத்த மஞ்சள் குங்குமம். பட்டறையில் பரிசோதித்த அடையாளம் என்றேன். அடுத்தது, இந்த வளையம் எதற்கு? மரத்தைக் கரைக்கக் கொண்டுபோக, எந்தப் படித்துறை என்று இன்னும் சொல்லவில்லையே என்றேன். அவள் துரையைக் கூப்பிட்டு, அதை மறுபடி சொல்லச் சொன்னாள். துரை சிரிக்கச் சிரிக்க இருமலாகிவிட்டது. ஹரிபத பாபுவைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்கிறேன்.

மாலை ஐந்து மணிக்கு இருபது வெள்ளைக்காரக் குழந்தைகள் வட்டமாக நிற்க, மெழுகுவத்தி ஏற்றி, குண்டைப் பிடித்திருந்த கொக்கியை எடுத்துவிட்டேன். சுற்றியது. மாமா, ஒரு சத்தம் இல்லாமல் சுற்றியது. குழந்தைகள் எல்லாம் ஒரே சமயத்தில் மூச்சை உள்ளே இழுத்தன. இதற்காகவா மரத்தை வீட்டுக்குள் கொண்டுவருகிறார்கள் என்று அப்போது கொஞ்சம் புரிகிற மாதிரி இருந்தது. அதே நேரம் மரத்தின் உச்சித் தகர நட்சத்திரம் பங்காக் கயிற்றில் மாட்டியது. கூரையில் தொங்குகிற துணி விசிறிக்குத்தான் பங்கா என்று பெயர். அதன் கயிறு வராந்தாக் கதவுக்கு மேலுள்ள திறப்பு வழியாக வெளியே போகும், கோடையில் அங்கே ஒருவன் உட்கார்ந்து இழுப்பான். மார்கழியில் யார் இழுக்கப் போகிறார்கள்? கயிறு சும்மாதானே கிடக்கிறது என்று சமையல்கார ரஹ்மத், யாரோ காண்டிராக்டர் அன்பளிப்பாக அனுப்பிய வான்கோழியை அதன் நுனியில் காலைக் கட்டி வைத்திருந்தான். இது எந்த வரைபடத்திலும் இல்லை.

மரம் சுற்றச் சுற்றக் கயிறு அதன் தலையில் சுற்றிக்கொண்டது. வெளியே ஒரு கூச்சல். பிறகு கதவின் மேல் திறப்பில் வான்கோழி தலைகீழாகத் தெரிந்தது. ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்தது, நாங்கள் அதைப் பார்த்தோம், உள்ளே வந்துவிட்டது. குழந்தைகள் இதுவும் நிகழ்ச்சி என்று கை தட்டின. குழந்தைகளோடு வந்த ஒரு துரைசானி மட்டும், "எவ்வளவு புதுமை!" என்றாள். வான்கோழி சிறகை அடித்த காற்றில் பாதி மெழுகுவத்திகள் அணைந்தன, அது நல்லதுதான். மீதியில் சில பஞ்சின்மேல் விழுந்தன, அது நல்லதல்ல. ரஹ்மத் "பகடோ! பகடோ!" என்று கத்திக்கொண்டு, அதாவது பிடி பிடி என்று, கத்தியோடு ஓடிவந்து கயிற்றை அறுத்தான். வான்கோழி சோபாவில் இறங்கியது. பஞ்சு புகைந்து பற்ற ஆரம்பித்தது. "நிறுத்து, நிறுத்து!" என்றார் துரை. நிறுத்த முடியாது, குண்டு இன்னும் இறங்கி முடியவில்லை, ஏழு படி உயரம் இறங்க வேண்டும் என்றேன். அந்த நேரத்தில் அவருக்கு அதில் சிரத்தை இல்லை.

கேக் கிடைக்கும் என்று வராந்தாவில் உட்கார்ந்திருந்த நான்கு கூலிகளைக் கூப்பிட்டேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. வருஷந்தோறும் துர்கையைக் கரைக்கத் தூக்குகிற அவர்களுக்கு இது பழக்கமான காரியம். மூங்கிலை வளையத்தில் நுழைத்தார்கள், தோளில் எடுத்தார்கள், "போலோ துர்கா மாயீ கீ..." என்று ஒருவன் குரல் கொடுக்க, "ஜய்!" என்றார்கள் மற்றவர்கள், தோட்டத்துக் குளத்தை நோக்கி ஓட்டம். மேஜை தோளில் ஏறியும் சுற்றுவதை நிறுத்தவில்லை. சுற்றுகிற வேகத்தில் தகர ரயிலும் பொம்மைகளும் ஒவ்வொன்றாகப் பறந்தன. இருபது குழந்தைகளும் பின்னாலேயே ஓடி, பறந்துவந்ததைப் பிடித்துக்கொண்டு, "ஜய்!" என்று தாங்களும் கத்தின. மரம், மேஜை, குண்டு எல்லாம் குளத்தில் இறங்கின. 'சொய்ய்' என்று ஒரே சத்தம். யாருக்கும் காயமில்லை. என் புருவம் கூடத்திலேயே போய்விட்டது.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நான் மெழுகுவத்திகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது துரை கரையில் வந்து நின்றார். "நாளைக் காலை பத்து மணிக்கு வா" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒரு துரை ஒருவனைக் கூப்பிடுவது எதற்கென்று எனக்குத் தெரியும்.

ஆகவே என் முடிவைத் தெரிவித்துவிடுகிறேன். வேலை போயிற்று என்று தாங்கள் எடுத்துக்கொள்ளலாம். மீனாக்ஷியை அனுப்புவது பற்றி இனி நான் கேட்கப் போவதில்லை. ரங்கூனிலோ மதராஸ் ரயில்வேயிலோ எழுதிப் போட்டுப் பார்க்கிறேன். ஜன்மத்தில் இனி மரவேலையைத் தொடுவதில்லை என்று தீர்மானம் செய்திருக்கிறேன். மாமி, ஏழாவது படிதான் காப்பாற்றியது, இல்லாவிட்டால் பங்களாவே எரிந்திருக்கும் என்று எழுதியிருந்தால் அதைத் தள்ளுபடி செய்யவும். மீனாக்ஷியிடம் ஒன்று மட்டும் சொல்லவும். கல்யாணத்தில் ஹோமப் புகை ஏன் தன் பக்கமே வருகிறது என்று அவள் ரகசியமாகக் கேட்டாள். "அப்புறம் சொல்கிறேன்" என்றேன், சொல்லவே இல்லை. கிழக்கு ஜன்னல் திறந்திருந்ததுதான் காரணம். அவள் அதற்குமேல் வேறு என்னவெல்லாம் கேட்பாள் என்று எனக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு. அது போகட்டும்.

மாமியாருக்கு என் நமஸ்காரம். தங்கள் வீட்டில் சின்னவர்கள் எல்லோருக்கும் என் ஆசீர்வாதம். எல்லோரும் நெருப்பில் ஜாக்கிரதையாக இருக்கவும்.

இப்படிக்கு,
வெங்கடசுப்ரமணியன்

பின்குறிப்பு, பகல் பன்னிரண்டரை மணி. மேலே எழுதியதில் நடந்ததெல்லாம் சரி, முடிவெல்லாம் தப்பு. வேறு காகிதம் இல்லாததால் கிழிக்கவில்லை.

துரை வீட்டுக்குப் போனேன். காலை ஆறு மணியிலிருந்து அவர் குழந்தைகள், மரத்தை மறுபடி எப்போது குளத்தில் போடுவீர்கள் என்று அரித்துக்கொண்டிருக்கின்றனவாம். பக்கத்து பங்களாக்களிலும் அதேதானாம். இந்தத் தேசத்துக்கு வந்த எட்டு வருஷத்தில் ஒரு குழந்தைகூட அழாமல் முடிந்த கிறிஸ்துமஸ் இது ஒன்றுதான் என்றாள் துரைசானி. புதுவருஷ விருந்துக்குக் கிளப்பில் இதே மாதிரி வேண்டும், குளத்தோடு சேர்த்து, என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம். வான்கோழிக்குக் குழந்தைகள் பெயர் வைத்துவிட்டதால் இனி யாரும் அதை வெட்ட முடியாது.

"வேலை நிரந்தரம்" என்றார் துரை. நன்றி சொல்ல வாயெடுத்தேன். "பளுதூக்கியில் அல்ல. பண்டிகைச் சாமான்கள் செய்ய ஒரு மரவேலைப் பிரிவு ஆரம்பிக்கிறேன், அதற்கு நீதான் மேலாள்" என்றார். முடியாது என்றேன். சம்பளம் அதேதான், வேலை நிரந்தரம்தான் என்றார். மன்னார்குடியை நினைத்தேன். முடியும் என்றேன்.

திரும்பிவந்து சொன்னேன். மாமி அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமல், "நான் சொல்லலே?" என்றார். மறுக்கலாம் என்று உட்கார்ந்து நன்றாக யோசித்துப் பார்த்தேன். ஆறு படியில் மரம் நன்றாகச் சுற்றியிருக்கும், கை தட்டியிருப்பார்கள், மறந்திருப்பார்கள், நான் இன்னமும் தாற்காலிகமாகவே இருந்திருப்பேன். இதை மாமியிடம் சொல்லவில்லை. தாங்களும் எழுத வேண்டாம்.

இனி நான் செய்யப்போவது:

1. கிளப் கூடத்தில் பங்கா இருக்கிறதா, அதன் கயிற்றின் நுனியில் என்ன கட்டியிருக்கிறது என்று முதலில் போய்ப் பார்ப்பேன்.

2. தண்ணீரில் நனைந்தால் கெடாத சக்கரம் ஒன்று வரைவேன். நேற்றையது துருப்பிடிக்கும்.

3. வான்கோழிக்கு ஒரு கூண்டு செய்வேன். துரைசானி உத்தரவு.

4. மஹாதேவ மாமாவோடு போய், தனிச் சமையலறையும் இரண்டு ஜன்னலும் உள்ள வீடு ஒன்று இந்தத் தெருவிலேயே பார்ப்பேன்.

5. மார்கழியில் பெண்ணை அனுப்பும் வழக்கமில்லை என்று தாங்கள் எழுதுவீர்கள். அதற்கு என்ன காரணம் என்று இந்த ஒரு தடவை மட்டும் கேட்கமாட்டேன்.

6. தை பிறந்த நாள் முதல், தினமும் மதராஸ் மெயில் வருகிற நேரத்துக்கு ஹௌரா ஸ்டேஷனில் போய் நிற்பேன். எந்த வண்டியில் அனுப்புகிறீர்கள் என்று தாங்கள் எழுதாவிட்டால் தினமும் ஆபீஸுக்கு நேரமாகும், வேலை திரும்பவும் போகும், அப்போது அதற்குப் பொறுப்பு மன்னார்குடி.