மூணாவது குழாய்

சத்தியமா சொல்றேன், இதுல ஒரு வார்த்தை பொய் இருந்தாலும் நாளையிலேர்ந்து என் வாயில கொட்டாவி மட்டுந்தான் வரணும். கூட்டியும் சொல்லல, கொறைச்சும் சொல்லல. கூட்டல் கழித்தல் ரெண்டும் வந்திருந்தா நான் ஏன் பள்ளிக்கூடத்து செவரேறி குதிச்சிருக்கப் போறேன்?

எங்க கட்டடத்து மாடியில ஒருத்தர் இருக்கார். லிஃப்ட் ரிப்பேர் பாக்கறவர். பேரு என்னன்னு அவங்க அம்மாவுக்கே மறந்திருக்கும். எல்லாருக்கும் அவர் லிஃப்ட்டுதான். அவர் சம்சாரம் வீட்லயே துணி தைக்கறாங்க, தையக்காரம்மா. வீடு சின்னது. ஹால்ல ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலடிதான் கதையே. அங்க தையல் மிஷின் போடணும்னு அந்தம்மா கல்யாணமான நாள்லேர்ந்து கேக்கறாங்க. மிஷின் கெடக்கறது சமையக்கட்டுக்கும் குளியலறைக்கும் நடுவுல ஒரு இருட்டுச் சந்துல. ஊசியில நூல் கோக்கறதுக்குள்ள ஒரு வயசு கூடிப்போயிடும்.

அப்படி இருக்கறப்ப ஒரு நாள் லிஃப்ட்டு மார்ல கை வெச்சு ஒரு சபதம் போட்டார். "இந்த வீட்ல இனிமே ஒரு முடிவாவது நான் எடுப்பேன்!"

எடுத்த முடிவு, உப்புத்தண்ணி மீன்தொட்டி. பவளம், கலர் மீனு, எல்லாம் கடல்ல இருக்கற மாதிரியே. வெக்கப்போற எடம், ஜன்னலடி.

"மீனுக்கு எதுக்குங்க ஜன்னல்? அது என்ன, தெருவுல போற வர்றவங்களை வேடிக்கை பாக்கப் போவுதா?"

"அழகுக்கும்மா."

"அழகுக்கா? அப்ப நான் இருட்டுல கெடக்கறது எதுக்கு?"

"அது... அது வேற அழகு."

சரி, தொட்டி வந்தாச்சு. இப்ப உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். உப்புத்தண்ணி தொட்டின்னா தண்ணியை ஊத்தி மீனை விட்டுட்டுப் போறது இல்ல. மேல ஒரு தொட்டி, மேசைக்கு அடியில ஒரு தொட்டி. மேல நெறஞ்ச தண்ணி ஓரமா வழிஞ்சு, குழாய் வழியா கீழ எறங்கும். கீழ அழுக்கு வடிஞ்சதும் மோட்டார் அதைத் திரும்ப மேல தள்ளும். அந்த வழிஞ்சு எறங்கற ஏற்பாட்டுக்குப் பேரு ஓவர்ஃப்ளோ. அது ஒழுங்கா இருந்தா கடல் தொட்டிக்குள்ள இருக்கும். இல்லேன்னா ஹாலுக்குள்ள இருக்கும்.

அதைத் தேர்ந்தெடுக்கத்தான் புருசனும் பொண்டாட்டியும் கலர் மீன் விக்கற கடைக்குப் போனாங்க. கடைக்காரர் நல்ல மனுசன்.

"அண்ணே, மூணு குழாய் போட்டுருங்க. மொத குழாய்ல தண்ணி சத்தமில்லாம எறங்கும். மீந்தது ரெண்டாவதுல போகும். மூணாவது காஞ்சே கெடக்கும். மத்த ரெண்டும் அடைச்சுக்கிட்டா அது கைகுடுக்கும்."

"காஞ்சே கெடக்குமா? வேலையே செய்யாதா?"

"செய்யாம இருந்தாத்தாண்ணே நல்லது."

லிஃப்ட்டு சிரிச்ச சிரிப்புல பக்கத்துத் தொட்டி மீனு ஒளிஞ்சுக்கிச்சு. "யாருகிட்டப்பா சொல்ற? மேல ஏத்தறதும் கீழ எறக்கறதும் என் தொழிலு! ஒரு குழாய் போதும். வேலை செய்யாத ஒண்ணை எவனாவது வீட்ல வெச்சுக்குவானா?"

"நான் வெச்சிருக்கனே இத்தனை வருசமா" அப்படின்னாங்க தையக்காரம்மா.

கடைக்காரர் செவத்துப் பக்கம் திரும்பி இருமினார்.

"ஏங்க, லிஃப்ட்டுக்கு எத்தனை கயிறு?"

"அஞ்சு, ஆறு இருக்கும்."

"ஒண்ணு போதாதா?"

"அடிப்பாவி, அதுல மனுசன் ஏறுறான்!"

"இது நம்ம ஹாலு. இதுல மனுசன் படுக்கறான்."

"இந்தாம்மா, முடிவு நான் எடுத்தாச்சு. ஒரே குழாய்."

"சரிண்ணே, குழாய் வாயில ஒரு சல்லடையாவது..."

"அதெல்லாம் வேணாம். வாயைக் கட்டினா தண்ணி எப்படிப் போகும்?"

ஓட்டை போட்டு, ஒத்தைக் குழாய் மாட்டி, தண்ணி ஓட ஆரம்பிச்சிருச்சு. கீழ்வீட்டு பல் டாக்டர் மேல வந்து பாத்தார். தண்ணி ஒழுகினா மொதல்ல நனையறது அவர் தலைதானே! குனிஞ்சு குழாய் வாயைப் பாத்துட்டு, "வாய்ல ஒரு பல்லுகூட இல்லையே சார். உள்ள எது போனாலும் அப்படியே முழுங்கிருமே?"ன்னார். தொழில் புத்தி.

"டாக்டர், ஒரு சொட்டு தண்ணி தரையில விழுந்தா என்னை என்னன்னு கேளுங்க!"

"நான் கேக்கறேன்." தையக்காரம்மா ஊசியைத் துணியில குத்திட்டு எழுந்து வந்தாங்க. "ஒரு சொட்டு விழுந்தா ஜன்னலடி எனக்கு. தொட்டி சந்துக்குப் போகணும். சரியா?"

"ஒரு சொட்டு விழுந்தா என்ன, ஒரு சொட்டு எட்டிப் பாத்தாலே எடம் உனக்கு! விழலேன்னா இனிமே ஜன்னல் பேச்சையே எடுக்கக் கூடாது. டாக்டர் சாட்சி."

டாக்டர் தன் வீட்டுக் கூரையை நெனைச்சுக்கிட்டே தலையாட்டினார்.

சொன்னா நம்புங்க, விழவே இல்ல! நாள் போச்சு, வாரம் போச்சு. தரை பாலைவனம் மாதிரி கெடக்கு. லிஃப்ட்டுக்கு நடையே மாறிப்போச்சு. வேலைக்குப் போற எடத்துலயெல்லாம் லிஃப்ட்டை நிறுத்தி வெச்சுக்கிட்டு ஒத்தைக் குழாய் மகிமையைப் பேசுவார். பாவம், உள்ள மாட்டினவன் எங்க ஓடுவான்?

அப்பத்தான் ஒரு நாள் தையக்காரம்மா கழுத்துல தொங்கற அளவு நாடாவோட தொட்டிப் பக்கம் வந்தாங்க. குழாய் வாயைக் குறுக்க அளந்தாங்க. நாடாவைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை அளந்தாங்க.

"என்னம்மா பண்ற?"

"ஒண்ணுமில்லீங்க. பாக்க நல்லா இருக்கே, இதுக்கு ஏதாவது பொருத்தமா செய்யலாமான்னு."

"உறையா? குழாய்க்கு உறையா?" லிஃப்ட்டுக்கு உருகிருச்சு. "பாத்தியா, கடைசில நீயும் என் வழிக்கு வந்துட்ட!"

"வராம எங்க போறதுங்க."

அந்த வாரமே ஒரு தண்ணிப் பையில பரிசு வந்துச்சு. ஒரு நத்தை. நல்ல கொழுத்த நத்தை, ஓட்டுல கோடு கோடா பட்டுக்கரை வெச்ச மாதிரி.

"கண்ணாடியில பாசி புடிக்குதுல்ல? நீங்க கையை விட்டுத் தேய்க்கறதைப் பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. இது தின்னுரும். கடையிலயே சுறுசுறுப்பானதா பாத்து வாங்கியாந்தேன்."

நத்தையில சுறுசுறுப்பு! அங்கயாவது மனுசனுக்கு சந்தேகம் வரணுமா வேணாமா? வரல. கண்ணுல தண்ணி வந்துச்சு. கல்யாணத்துக்கப்புறம் பொண்டாட்டி அவருக்கு வாங்கிக் குடுத்த மொத பொருள் அதுதான். "என் ராசாத்தி"ன்னு சொல்லி நத்தையைத் தன் கையாலேயே தொட்டிக்குள்ள விட்டார். அது மெதுவா கண்ணாடியைப் புடிச்சு மேல ஏற ஆரம்பிச்சுது. "பாரு, மேல போவுது! என் இனம்!"னு ஒரே பெருமை.

அடுத்த சில நாள் கழிச்சு, வேலை முடிஞ்சு வந்து கதவைத் தெறந்தார். கால் நனைஞ்சுது.

வீட்ல வெள்ளம் வந்தா பொம்பளை கத்தணும். இல்ல அழணும். இந்தம்மா உக்காந்து பட்டன் தெச்சுக்கிட்டு இருக்காங்க. தரையில தொட்டியைச் சுத்தி மெழுகுத்துணி விரிச்சிருக்கு. அதுக்கு மேல பழைய போர்வை. ஓரமா ரெண்டு வாளி, ஒரு முறம். மோட்டார் அணைச்சு வெச்சிருக்கு. கீழ டாக்டர் வீட்டுக்கு ஒரு ஈரங்கூட எறங்கல. ஏதோ விருந்தாளி வரப்போறாங்கன்னு மொதல்லயே கோலம் போட்டு வெச்ச மாதிரி அத்தனை பாங்கு.

"என்... என்னம்மா இது?"

"தண்ணிங்க."

"எப்படி?"

"போய் உங்க குழாயைக் கேளுங்க."

போய்ப் பாத்தார். குழாய் வாயில நத்தை உக்காந்திருக்கு. தச்சு வெச்ச மாதிரி. ஒரு நூல் எடம் விடல. சந்தோஷமா கொம்பை ஆட்டுது. எறங்க வழியில்லாம மேல் தொட்டி பொங்கி, ஹால் கடலாயிருச்சு.

"உன் நத்தைதான் பண்ணிச்சு! பந்தயம் செல்லாது!"

"என் நத்தையா? பரிசா குடுத்தது யாருக்கு? 'என் இனம்'னு சொன்னது யாரு? உங்க சொந்தக்காரங்க பண்றதுக்கு நான் பொறுப்பா?"

சத்தம் கேட்டு டாக்டர் மேல வந்தார். ஈரத்தைப் பாத்தார், லிஃப்ட்டைப் பாத்தார். "சொட்டு விழுந்திருக்கு சார். நெறையவே விழுந்திருக்கு."

தீர்ப்பு ஆயிப்போச்சு. தொட்டியைக் காலி பண்ணி சந்துக்கு மாத்தணும். எப்படியும் காலி பண்றதுதானேன்னு தையக்காரம்மா மீன்கடைக்காரரை வரச்சொல்லி, இன்னும் ரெண்டு ஓட்டை போட்டு மூணு குழாயா ஆக்க வெச்சாங்க. வாய்ல சல்லடையும். லிஃப்ட்டு வாளி தூக்கற வேலை மட்டும் பாத்தார்.

கடைக்காரர் ஓட்டை போட்டுக்கிட்டே, வாய் சும்மா இல்லாம, "அக்கா, அந்த நத்தை சைஸ் சரியா இருந்துச்சா?"ன்னார்.

லிஃப்ட்டு வாளியைக் கீழ வெச்சார். "என்ன சைஸ்?"

"அக்காதாண்ணே நாடாவோட வந்தாங்க. கடையில இருந்த நத்தையெல்லாம் அளந்து பாத்தாங்க. சின்னது வேணாம், உள்ள நழுவிரும்; பெருசும் வேணாம், ஏறாது; இந்த அளவுல நல்லா ஏறுறதா குடுங்கன்னாங்க. எனக்கே ஆச்சரியந்தான்."

லிஃப்ட்டு திரும்பினார். "ஏம்மா... அளவெடுத்தா நத்தை வாங்கின?"

"நான் தையக்காரிங்க. அளவெடுக்காம எதையும் வீட்டுக்குக் கொண்டார மாட்டேன்." நூலைப் பல்லால கடிச்சு அறுத்தாங்க. "உங்க ஒருத்தரைத்தான் அளவெடுக்காம கட்டிக்கிட்டேன்."

இப்ப ஜன்னலடியில மிஷின் கடகடன்னு ஓடுது. சந்துல தொட்டி சத்தமில்லாம ஓடுது. நத்தை பாசி தின்னு இன்னும் ஒரு சுத்து பெருத்திருச்சு. போன வாரம் டாக்டர் வந்தவர், சந்துல குனிஞ்சு பாத்துட்டு, "அம்மா, இந்த மூணாவது குழாய் என்ன வேலை செய்யுது?"ன்னு கேட்டார்.

தையக்காரம்மா தைக்கறதை நிறுத்தாமலே, சந்து ஓரமா துண்டும் கையுமா நிக்கற புருசனை ஒரு பார்வை பாத்தாங்க.

"ஒண்ணும் செய்யாது டாக்டர். ஆனா இருக்கட்டும்னு வெச்சிருக்கேன்."

அவ்ளோதான். கதை முடிஞ்சுது, எனக்குத் தொண்டை காஞ்சுது. எடுங்க, ஆளுக்கு ஒரு டீயும் கடிச்சுக்க ஏதாவதும் எனக்கு வரணும். சும்மா நின்னு கேட்டுட்டுப் போறதுக்கு நீங்க என்ன மூணாவது குழாயா?