நான்காம் விதியை நீக்கக் கோரி

பெறுநர்:
ஆசிரியர், 'பெட்டியும் படுக்கையும்' பயண இதழ்

அனுப்பும் இடம்: ஹுவே நகரம், வியட்நாம்

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் நலமாக இல்லை. காரணம், தங்கள் இதழில் வந்த 'வெளிநாட்டுச் சந்தையில் பண்பாகப் பேரம் பேச ஐந்து விதிகள்' என்ற கட்டுரை. நான் லிஃப்ட் பராமரிப்புப் பொறியாளன். சுற்றி வளைத்துப் பேச வராது. நேராகவே சொல்கிறேன்: உங்கள் நான்காம் விதி என் அம்மாவின் குரலைக் காவு வாங்கப் பார்க்கிறது.

அம்மா பெயர் ஹான். எங்கள் ஊர்ச் சந்தையில் இருபத்தாறு வருடமாக ஓலைத்தொப்பி விற்கிறார். கத்திக் கத்தி விற்றதில் தொண்டையில் கட்டி வந்து அறுவை சிகிச்சை ஆயிற்று. ஒரு மாதம் முணுமுணுக்கக்கூடக் கூடாது, மீறினால் குரல் திரும்பவே திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையை மூடும்மா என்றேன். 'நீ வேணா வீட்ல படு' என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார். ஆகவே விடுப்பு எடுத்துக்கொண்டு, அவருடைய வாயாக வேலை பார்க்க நான் வந்தேன்.

முதல் நாள் கடை திறந்ததும் ஒரு டென்மார்க் தம்பதி வந்தார்கள். தங்கமான மனிதர்கள். எங்கள் மொழியிலேயே வணக்கம் சொன்னார்கள். தொப்பியைத் தடவிச் சிரித்தார்கள்.

"எவ்வளவுங்க?"

"ஒரு லட்சம் டாங்."

"ரொம்ப அழகா இருக்குங்க. ஐம்பதாயிரத்துக்குத் தருவீங்களா?"

"மாட்டேன்."

"சரிங்க, ரொம்ப நன்றி."

கேட்டார்கள், மாட்டேன் என்றேன், சரி என்றார்கள். என் கணக்கில் விஷயம் முடிந்தது. ஆனால் அவர்கள் போன போக்கு சரியில்லை. காலில் குண்டு கட்டிய மாதிரி நடை, நாலடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்வை. எதையாவது வைத்துவிட்டுப் போகிறார்களோ என்று கல்லாவுக்குக் கீழே தேடினேன். பக்கத்துக் கடை தாவ் அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"டேய் லாம், வாயில என்ன கொழுக்கட்டையா? எண்பதுக்குக் கூப்பிடுடா!"

"வேணாம்னுதானே அத்தை போறாங்க?"

"வேணாம்னு போறவன் ஆமை மாதிரியாடா போவான்? உன்னை லிஃப்டுக்குள்ளயே வச்சுப் பூட்டியிருக்கணும்!"

இதற்குள் அவர்கள் மூலை திரும்பிவிட்டார்கள். போணிக்கு வந்தவர் வாங்காமல் போனால் அன்றைய நாளே போச்சு என்பது எங்கள் சந்தை வழக்கம். அதற்குப் பரிகாரமாக அம்மா ஒரு காகிதத்தைக் கொளுத்திக் கடையைச் சுற்றிக் காட்டினார். கடை முழுக்கக் காய்ந்த ஓலை ஐயா! மேல்வரிசைத் தொப்பி ஒன்று பற்றிக்கொண்டது. தாவ் அத்தையின் ஐஸ் டீ வாளியைத் தூக்கி நான் ஊற்ற, தீ அணைந்தது, ஒன்பது தொப்பி டீ நிறத்துக்கு வந்தது, அத்தை என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

மூன்றாம் நாள் ஒரு மாணவி தன் போனில் உங்கள் கட்டுரையைக் காட்டிய பிறகுதான் விவரம் புரிந்தது. 'விதி நான்கு: நன்றி சொல்லிவிட்டு மெதுவாக நடந்து செல்லுங்கள். கடைக்காரர் கட்டாயம் கூப்பிடுவார்.' கூப்பிட வேண்டியதுதானே என்பீர்கள். கூப்பிட்டேன். லிஃப்ட் குழியின் அடியில் நிற்கிறவனை எச்சரித்துப் பழகிய குரல் என்னுடையது. "நில்லுங்க!" என்றதும் வாங்க வந்தவர்கள் விதியை மறந்து ஓடிவிட்டார்கள். சரி, நயமான பெண்குரல் வேண்டும் என்று பழைய லிஃப்ட் ஒன்றின் அறிவிப்புப் பெட்டியைக் கொண்டுவந்து கடையில் மாட்டினேன். வாடிக்கையாளர் நகர்ந்ததும் பொத்தானை அழுத்தினால், "கதவுகள் மூடுகின்றன, தயவுசெய்து விலகி நில்லுங்கள்" என்றது. விலகித்தான் போனார்கள்.

நேற்று நடந்ததுதான் மோசம். மணிலாவிலிருந்து லூர்டெஸ் என்று ஒரு பாட்டு டீச்சர், தன் பாடகர் குழுவுக்குப் பன்னிரண்டு தொப்பி கேட்டார். பாதி விலை சொன்னார், மறுத்தேன், நன்றி சொன்னார், நடந்தார். பன்னிரண்டு தொப்பியும் நடந்து போவதைப் பார்த்த அம்மா எழுந்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது, வாய் திறந்தது. பாய்ந்து போய் அந்த வாயைக் கையால் பொத்தினேன். விதிப்படி அதே நொடியில் டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, பெத்தவ வாயைப் பொத்துறியே, நீயெல்லாம் மனுஷனா? கையை எடு!"

விளக்கம் சொல்வதற்குள் சந்தைக் காவலாளி என் சட்டையைப் பிடித்தான். இருபத்தாறு வருடப் பழக்கத்தை எத்தனை நாள் கையால் பொத்தி வைக்க முடியும்? டாக்டர் சொன்ன கெடுவில் இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி.

ஆகவே, நான்காம் விதியை உடனே நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முடியாவிட்டால், 'கூப்பிடாவிட்டாலும் தாங்களே திரும்பி வரலாம், கௌரவம் குறையாது' என்றாவது சேர்க்கவும். தங்கள் இதழ், அந்த ஒரு விதி இல்லாமல், மேன்மேலும் வளர வாழ்த்துகிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கங்கள், குழந்தைகளுக்கு அன்பு.

இப்படிக்கு,
ஹுவாங் லாம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் டீச்சர் மறுபடி வந்தார். மறுபடி பாதி விலை, மறுபடி நன்றி, இடது பக்கமாக மெதுவான நடை. நான் கையைத் தயாராக வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா வாயைத் திறக்கவில்லை. ஒரு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார், டீச்சரின் முதுகுக்கு ஒரு கும்பிடு போட்டார், வலது பக்கமாக மெதுவாக நடந்தார். டீச்சர் திரும்பிப் பார்த்தால் கடையில் ஆளில்லை, நான்தான் நிற்கிறேன்.

"அம்மா எங்கப்பா போறாங்க?"

"தெரியலீங்க."

"கூப்பிடுப்பா!"

"மாட்டேன்."

மீன் கடை வரை ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். விரல் விட்டே பேரம் முடிந்தது. பன்னிரண்டும் போயின, டீ நிறத்தில் இருந்த ஒன்பதும் அதில் அடக்கம். மதியத்துக்குள் அம்மா இன்னும் மூன்று முறை கடையை விட்டுப் போய்விட்டார், மூன்று முறையும் வாங்க வந்தவர்களே திருப்பி அழைத்துவந்தார்கள். 'நாலாவது விதியில கை வைக்க வேணாம்னு எழுதுடா' என்று சிலேட்டு உத்தரவு. ஆகவே மேலே கண்ட கோரிக்கையை வாபஸ் பெறுகிறேன். 'மெதுவாக' என்ற சொல்லை மட்டும் பெரிய எழுத்தில் போடவும். வேகமாகப் போகிறவர்களுக்கு அம்மா போனதே தெரிவதில்லை.